கன்வர்ட்டர் கலகலத்தால் குற்றம் யாருடையது?

பழைய பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்ததும் அடிப்பக்கத்திலிருந்து, தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருள்வது போல ஒரு சத்தம் கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும். வண்டி சூடேறியதும் சில சமயம் காணாமல்கூடப் போய்விடும். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய காரென்றால் பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உடைஞ்சு போச்சு." அடுத்து இரண்டு வழிகள் சொல்லப்படும். கையில் காசு இருந்தால் புதிதாக ஒன்றை மாட்டலாம். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி உதிர்த்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப வெல்டு வைத்துவிடலாம். இரண்டு யோசனைகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: கோளாறு பெட்டியில் வந்தது, பெட்டியோடு முடிந்தது. இந்தக் கருவியின் எழுபது ஆண்டு வரலாறு அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. கன்வர்ட்டர் தானாகக் கெட்டதைவிட அதற்கு முன்னால் இருப்பவை அதைக் கெடுத்ததே அதிகம். ஊற்றும் பெட்ரோல், எரிக்கும் இஞ்சின், கவனிக்கும் கை, கட்டுப்படுத்தும் சட்டம் இவற்றில் எங்கே குறை வந்தாலும் அது கடைசியில் வந்து விழும் இடம் அந்தப் பெட்டி.

முதலில் சத்தத்தையே பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் கன்வர்ட்டருக்குள் சூடு 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். காய்ந்த புல்மீது வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் என்ற அச்சம் இது அறிமுகமான 1970களிலேயே எழுந்தது. அந்தச் சூடு வெளியே பரவாமல் தடுக்கத்தான் சுற்றிலும் மெல்லிய தகட்டில் ஒரு வெப்பக் கவசம். துருப்பிடித்து போல்ட் இற்றுப்போனால் அந்தத் தகடு அதிர்ந்து கலகலக்கும். அதற்கு ஒரு கிளாம்ப் போதும். அதைக் கன்வர்ட்டரின் கேடு என்று சொல்வதே தவறு. உண்மையான கேடு உள்ளே இருப்பது. கூட்டுக்குள் தேன்கூட்டு வடிவில் நுண்துளைகள் கொண்ட ஒரு பீங்கான் கட்டியும், அதன் சுவர்களில் படிந்த சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியமும் இருக்கின்றன. கட்டிக்கும் கூட்டுக்கும் நடுவே, சூட்டில் உப்பி இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு விரிப்பு. விரிப்பு அரித்துப்போனால் கட்டி ஆடும், ஆடினால் உடையும். இது வயதால் வருவது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கழற்றிப் பார்க்கும்போது கட்டி உருகிச் சுருங்கியிருந்தால் கதை வேறு. கார்டியரைட் என்னும் அந்தப் பீங்கான் சுமார் 1,450 டிகிரியில்தான் உருகும். ஒழுங்காக ஓடும் இஞ்சினின் புகை அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. ஒரு ஸ்பார்க் பிளக் அடிக்காமல் போனால், அல்லது இக்னிஷன் காயில் பழுதானால், எரியாத பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உருகிய பீங்கான் அதற்கான சாட்சியம். அந்த மிஸ்ஃபயரைத் தீர்க்காமல் மாட்டப்படும் புதுக் கன்வர்ட்டருக்கும் அதே கதிதான்.

இப்படி முன்னால் உள்ள குற்றத்துக்குப் பின்னால் உள்ள பெட்டி பலியாவது, அது பிறந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரிக்கும் மூட்டம் ஒன்று மூடியது. போர்க்காலமாதலால் எதிரியின் விஷவாயுத் தாக்குதலோ என்றுகூட மக்கள் அஞ்சினார்கள். கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், 1950களின் தொடக்கத்தில் அந்த மூட்டத்தின் பிறப்பைக் கண்டறிந்தார். காரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பது அவர் முடிவு. அதே காலத்தில், எண்ணெயை வினையூக்கியால் உடைத்துப் பெட்ரோலாக்கும் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, புகையைத் தூய்மையாக்கவும் வினையூக்கியையே பயன்படுத்தலாம் என்று இறங்கினார். 1950இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1956இல் கார்ப்புகைக் கன்வர்ட்டருக்குக் காப்புரிமையும் பெற்றார். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் காயம்பட்டுப் பிழைத்த அந்த மனிதர் 1962இல் காலமானபோது, அவருடைய கருவி எந்தச் சாதாரணக் காரிலும் ஏறியிருக்கவில்லை. கருவியில் குறை இருந்ததால் அல்ல. அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்த டெட்ராஎத்தில் லெட், இஞ்சின் தட்டுவதைத் தடுத்தது. 1923இல் விற்பனைக்கு வந்து உலகம் முழுதும் பரவியது. 1924இல் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டியதை உலகம் இன்னும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எரித்தது. புகையோடு வரும் ஈயம் பிளாட்டினத்தின்மீது படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே ஹூட்ரியின் பெட்டிக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன: அது தோற்க வேண்டும், அல்லது பெட்ரோல் மாற வேண்டும். 1970 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், 1975ஆம் ஆண்டு மாடல்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. முடியாது என்று கார் நிறுவனங்கள் கூக்குரலிட்டன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ் 1973இல் ஓராண்டு தவணை கொடுத்தாலும், இடைக்கால வரம்பை இறுக்கமாகவே வைத்தார். கன்வர்ட்டர் இல்லாமல் பெரும்பாலான கார்கள் தேறாது என்ற நிலை அதனால் வந்தது. 1974 ஜூலை 1 முதல் பெரிய பெட்ரோல் பங்குகள் எல்லாம் ஈயமில்லாப் பெட்ரோலும் விற்றாக வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. அந்த விதியின் உடனடிக் காரணம் ஈயம் கெடுக்கும் குழந்தைகளின் மூளை அல்ல, கன்வர்ட்டரின் பிளாட்டினம். ஆனாலும் 1976க்கும் 1980க்கும் இடையே அமெரிக்கர்களின் இரத்தத்தில் இருந்த சராசரி ஈயம் சுமார் 37 விழுக்காடு குறைந்தது. ஒரு பெட்டி உயிரோடிருக்கத் தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் சுத்தமாக வேண்டும் என்று கேட்டது. அந்தக் கோரிக்கைதான் அதன் வேதிவினையைவிடப் பெரிய நன்மையைச் செய்தது என்பது என் கணிப்பு.

பெட்டியின் வடிவமைப்பிலேயே பழுது இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களில் வைத்தது தட்டையான பெட்டி. அதற்குள் வினையூக்கி பூசிய அலுமினா மணிகள் ஆயிரக்கணக்கில் நிரப்பப்பட்டிருந்தன. அதிர்வில் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். தேய்ந்தால் இடம் தளர்ந்து கலகலக்கும். தாங்கும் தட்டு கெட்டால் மணிகள் புகைக்குழாய் வழியே வெளியேறும். அடியில் இருந்த மூடியைத் திறந்து பழைய மணிகளைக் கொட்டிவிட்டுப் புதியவை நிரப்பவும் வழி வைத்திருந்தார்கள். இதற்கு மாற்றாகத்தான் கார்னிங் நிறுவனத்தின் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் மூவரும் கார்டியரைட்டைத் தேன்கூட்டு வடிவில் ஒரே கட்டியாக அச்சிலிருந்து பிழிந்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் பொருளாதலால், பனிக்காலக் காலையில் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறினாலும் அது வெடிப்பதில்லை. நாளடைவில் மணிப் பெட்டி மறைந்து தேன்கூடே நிலைத்தது. இன்று சாலையில் ஓடும் பழைய கார்களில் இருப்பது அந்தத் தேன்கூடு. ஆகவே வடிவமைப்பின் பேரில் பழியைப் போடும் வாதம் 1970களின் அமெரிக்கக் காருக்குப் பொருந்தும். நம் தெருவில் நிற்கும் காருக்குப் பொருந்தாது.

மைலேஜும் பிக்கப்பும் போய்விடுகின்றன என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உள்ளே உடைந்து அடைத்துக்கொண்ட கன்வர்ட்டர் இஞ்சினின் மூச்சைத் திணறடிக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டரைப் பற்றி வரலாறு சொல்வது வேறு. 1970களின் தொடக்கத்தில் புகையைக் குறைக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளியும் கம்ப்ரஷனைக் குறைத்தும் இஞ்சினையே மந்தமாக்கினார்கள். 1974 மாடல்களின் மைலேஜ் மோசமாக இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். புகையைச் சுத்தம் செய்யும் வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டதும் இஞ்சினை மீண்டும் சரியாக டியூன் செய்ய முடிந்தது, 1975 மாடல்களின் சராசரி மைலேஜ் கணிசமாக உயர்ந்தது. அதே ஆண்டு இன்னோர் அச்சமும் கிளம்பியது: கன்வர்ட்டர் கந்தகத்தைக் கந்தக அமில மூட்டமாக மாற்றுகிறது என்று. முகமையின் அடுத்த தலைவர் ரஸ்ஸல் டிரெய்ன் அதைக் காரணமாகச் சொல்லி வரம்புகளை மேலும் தள்ளிவைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை மிச்சிகனிலுள்ள சோதனைத் தடத்தில் ஓட்டி அளந்தபோது, அஞ்சிய அளவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருந்தது. கந்தகம் பெட்டியில் பிறப்பதில்லை, பெட்ரோலோடு வருகிறது. அதைக் குறைக்க வேண்டிய இடம் சுத்திகரிப்பு ஆலை.

மேலும் வலுவான எதிர்வாதம் ஜப்பானிலிருந்து வந்தது. ஹோண்டாவின் சி.வி.சி.சி. இஞ்சின், கன்வர்ட்டரே இல்லாமல் 1975 வரம்புக்குள் அடங்கிக் காட்டியது. எரிப்பையே சுத்தமாக்கிவிட்டால் வாலில் ஒரு பெட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எரிப்பு முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற என் வாதத்துக்கும் அது துணைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு இறுகியபோது எரிப்பு மட்டும் போதவில்லை, ஹோண்டாவும் கன்வர்ட்டருக்கு வந்து சேர்ந்தது. எங்கெல்ஹார்ட் நிறுவனத்தின் கார்ல் கீத், ஜான் மூனி குழு உருவாக்கிய மும்முனைக் கன்வர்ட்டர், மூன்று நச்சுகளையும் ஒரே கட்டியில் கையாண்டது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை விட்டு அதிகம் விலகக் கூடாது. கார்புரேட்டரால் அதைக் காப்பது கடினம். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சென்சாரோடு வோல்வோ 1977 மாடலைக் கலிபோர்னியாவில் விற்பனைக்கு விட்டபோதுதான் அந்த நிபந்தனை நிறைவேறியது. பிறகு 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் கட்டாயமானது. பெட்டியைக் கண்காணிக்க வைத்த அதே கணினி மிஸ்ஃபயரையும் கண்காணிக்கிறது. மோசமான மிஸ்ஃபயர் நடந்தால் டாஷ்போர்டு விளக்கு எரிந்து நிற்பதோடு நில்லாமல் மின்னத் தொடங்கும். கன்வர்ட்டரைக் கொல்வது எது என்பதைப் பொறியாளர்கள் அறிந்திருந்ததற்கு அந்த மின்னும் விளக்கே ஆதாரம்.

சட்டம் பெட்டியை மாட்டச் சொல்லிவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்காவே காட்டியது. ஈயப் பெட்ரோல் காலனுக்குச் சில சென்ட் மலிவு. அதன் நாசில் பெரிது. கன்வர்ட்டர் கார்களின் டேங்க் வாயில் அது நுழையாதபடி குறுக்கு வளையம் வைத்திருந்தார்கள். மக்கள் புனல் வைத்து ஊற்றினார்கள், சிலர் வளையத்தையே குத்திப் பெயர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஈயமில்லாப் பெட்ரோலே போட வேண்டிய கார்களில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் ஈயப் பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயின் உள்விளிம்பில் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் தாளை வைத்து அதிகாரிகள் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு காரையும் துரத்திப் பிடிப்பது ஆகாத வேலை என்று கண்டபின், ஈய வரம்பையே காலனுக்கு 1.1 கிராமிலிருந்து 1986 ஜனவரிக்குள் 0.1 கிராமாக இறக்கினார்கள். 1996இல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை வந்தது. பட்டறைகள் கன்வர்ட்டரைக் கழற்றுவது தூய காற்றுச் சட்டத்தின் 1977 திருத்தத்திலேயே குற்றமாக்கப்பட்டிருந்தது. 1990 திருத்தம் கன்வர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதத்தை உற்பத்தியாளர்மீது சுமத்தியது. பொறுப்பு ஓட்டுநரிடமிருந்து பெட்ரோல் பங்குக்கும், பட்டறைக்கும், ஆலைக்கும் படிப்படியாக நகர்ந்த பிறகே கருவி நிலைத்தது.

இந்தப் பாடம் அச்சில் கிடைத்த காலத்தில்தான் இந்தியா தொடங்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கியதன் பின்னணியில், 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அந்நகரங்களின் பங்குகளில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுதும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரி 1 அன்று. இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள். நகரத்துக்கு ஒரு பெட்ரோல், ஊருக்கு வேறு பெட்ரோல் என்ற ஏற்பாட்டில் கார் எல்லை தாண்டும் என்பது கணக்கில் வரவில்லை. சென்னையில் வாங்கிய காரில் திருநெல்வேலிக்குப் போனால், வழியில் உள்ள எல்லாப் பங்கிலும் ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்கும் என்ற உறுதி அந்தத் தொடக்க ஆண்டுகளில் இல்லை. அன்றைய சிறிய கார்களில் பல கார்புரேட்டரோடு ஓடியவை. சென்சார் வைத்த மூடிய கட்டுப்பாடு பின்னர்தான் பரவியது. கன்வர்ட்டர் என்றாலே தொல்லை, சீக்கிரம் போகும், எடுத்துப் போட்டால் வண்டி பறக்கும் என்று நம் பட்டறைகளில் இன்றும் நிலவும் பேச்சுக்கு வேர் அந்த ஆண்டுகளில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மெக்கானிக்கைக் குறை சொல்ல இடமில்லை. அவர் கண்டது அதுதான். ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுத் தரம் வந்தபோது நாடு முழுதும் விற்கும் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவுக்கு இறங்கியது. உலகிலேயே கடைசியாக ஈயப் பெட்ரோல் விற்ற அல்ஜீரியா 2021 ஜூலையில் அதை நிறுத்தியது. பெட்ரோல் இனிமேல் சாக்காகாது.

கடைசியாக ஓர் எதிர்வாதம் மிஞ்சுகிறது. இதை அலட்சியப்படுத்த முடியாது, ஏனென்றால் அது பணமில்லாதவரின் வாதம். ஒன்றரை லட்சம் ரூபாய்கூடப் பெறாத பழைய காருக்கு, அந்த விலையில் பெரும் பங்கைத் தின்னும் கன்வர்ட்டர் எதற்கு, ஒரு காரால் காற்று எவ்வளவு கெட்டுவிடும் என்று கேட்கிறார்கள். விலை உண்மையிலேயே கொடியது. 2021இல் ரோடியம் அவுன்சுக்கு 29,000 டாலரை ஒட்டிப் போனது; கன்வர்ட்டரை இரவோடிரவாக அறுத்துத் திருடும் கூட்டங்கள் பல நாடுகளில் பெருகியது அதனால்தான். ஆனால் விலை அதிகம் என்பதே, காரணம் தெரியாமல் பெட்டியை மாற்றக் கூடாது என்பதற்கு முதல் ஆதாரம். பழைய காருக்கு உரியவர்தான் நோயறிதலில் மிகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் முறை வாங்க அவரால் முடியாது. குத்திக் காலி செய்வது மலிவுபோலத் தெரிந்தாலும் மிஸ்ஃபயர் அப்படியே தொடர்கிறது, பெட்ரோல் வீணாகிக்கொண்டே இருக்கிறது. புகைப் பரிசோதனையில் தேறிவிடுகிறதே என்பார்கள். அந்தப் பரிசோதனை முக்கியமாக ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. ஹாகன்-ஸ்மித் சுட்டிக்காட்டிய நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. தேறுவது கார் அல்ல, பரிசோதனையின் ஓட்டை. ஒரு கார் என்பதும் கணக்குப் பிழை. கன்வர்ட்டர் இல்லாத பழைய கார் கக்குவது சரியாக இயங்கும் புதுக்கார் கக்குவதைப்போல ஒன்றிரண்டு மடங்கு அல்ல, பல மடங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு மாசு வரம்பு மீறலுக்கு 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. ஆனால் பட்டறையில் கன்வர்ட்டரைக் காலி செய்வதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஓட்டுநரை மட்டும் பிடிக்கும் சட்டம் அமெரிக்காவின் புனல் கதையைத்தான் திரும்ப நடத்துகிறது.

ஆகவே வண்டி கலகலத்தால் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. இஞ்சின் முழுதும் ஆறியபின் அடியில் கைவிட்டு வெப்பக் கவசத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் கிளாம்ப்போடு வேலை முடிந்தது. இல்லையென்றால் ரப்பர் சுத்தியலால் கூட்டை மெதுவாகத் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். உள்ளே கட்டி உடைந்திருப்பது உறுதியானால், புதுக் கன்வர்ட்டருக்கு விலை கேட்பதற்கு முன் ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் நான்கையும் பரிசோதித்து, இஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஆயிலிலுள்ள பாஸ்பரஸும் வினையூக்கியை மூடிவிடும். மெக்கானிக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை பணம் கொடுக்காதீர்கள். அதைக் குத்திக் காலி செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.